கீழே போனால் சூடு

என் நட்சத்திரத்தின் மேலோடு ஒரு கிலோமீட்டர் ஆழம்தான். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அந்தக் காலையில், ஓடும் ரயிலில் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா, ஸ்டேஷன் வந்துவிட்டது என்று நினைத்துத் தானும் எழுந்தார். மடியிலிருந்த பீன்ஸ் அத்தனையும் தரையில். நியாயமாக எனக்கு நல்ல திட்டு விழுந்திருக்க வேண்டும். நான் காரணத்தைச் சொன்னதும் அவர் குனிந்து பீன்ஸைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அப்போ நம்மூரு ஆளுங்கள அங்க வுட்டா ஒரே ஷிப்டுல அடிவரைக்கும் தோண்டிட்டு வந்துடுவாங்கன்னு சொல்லு."

பெட்டியே சிரித்தது. அன்றிலிருந்து அந்த நட்சத்திரம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது.

நான் வானியற்பியல்காரி. அதிலும் கோட்பாட்டுப் பிரிவு. இதைச் சொன்னால் எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி பூரா முழிச்சிக்கினு பார்ப்பியா?" என்பதுதான். பார்க்க மாட்டேன். தொலைநோக்கி ஒன்றை வேலைக்காக நான் தொட்டதே இல்லை. ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவேன், ஏனென்றால் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலைப் பிடித்தாக வேண்டும். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு ஒரு மேசை, ஒரு கரும்பலகை, ஒரு கணினி. ஆனால் உண்மையான வேலையெல்லாம் நடப்பது ரயிலில், பெண்கள் பெட்டியில், ஜன்னலிலிருந்து இரண்டாவது இடத்தில். போக இரண்டேகால் மணி நேரம், வர இரண்டேகால் மணி நேரம். தினமும் இவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசிக்க வேறு எந்த விஞ்ஞானிக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கண்ணால் பார்க்காத ஆழத்தை வைத்துப் பிழைத்தவள் நான் மட்டுமில்லை. அப்பா சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அதைக் கட்டிய கயிறு ஒரு பெரிய உருளையில் சுற்றியிருக்கும். அந்த உருளையை ஓட்டுவது அப்பா. மேலே இன்ஜின் ரூமில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரில் முள் நகரும் ஒரு வட்டம், காதில் மணிச் சத்தம், அவ்வளவுதான். முள் எங்கே நிற்கிறதோ கேஜ் அந்த லெவலில், அந்த ஆழத்துத் தளத்தில், நிற்கிறது என்று அர்த்தம். சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூட அவர் கீழே இறங்கியதில்லை.

மணிக்கு ஒரு பாஷை உண்டு. மூன்று அடித்தால் கேஜில் ஆள் ஏறுகிறார்கள். நிற்கிற கேஜுக்கு ஒன்று அடித்தால் மேலே தூக்கு. இரண்டு அடித்தால் கீழே இறக்கு. டிரைவர் தன் காதில் விழுந்ததை அப்படியே திருப்பி அடித்துக் காட்ட வேண்டும், அதற்கு அப்புறம்தான் கயிறை அசைக்கலாம். அப்பா இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குளியலறைக் கதவை மூன்று தரம் தட்டுவார். உள்ளே இருப்பவர் திருப்பி மூன்று தட்ட வேண்டும். ஆள் இருக்கு என்று அர்த்தம். அம்மா உயிரோடு இருந்தவரை, பல் தேய்த்துக்கொண்டே தட்டுவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். எனக்கு இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று பெங்களூருக்குக் கல்லூரி போகும் வரை எண்ணம். ஹாஸ்டலில் மூன்று தரம் தட்டிவிட்டுப் பதில் வராமல் நின்றுகொண்டிருந்த கதை தனி.

இன்னொரு விஷயமும் எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழே போனால் சூடு. ஷிப்ட் முடிந்து ஏறிவரும் ஆட்களின் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். அடி லெவல்களில் பாறையில் கை வைக்க முடியாது என்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்னாலேயே எனக்கு இது தெரியும். மேலே குளிர், கீழே சூடு, இன்னும் கீழே இன்னும் சூடு. சந்தேகப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

நட்சத்திரத்துக்கு வருகிறேன். அது ஒரு நியூட்ரான் நட்சத்திரம். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்து முடிந்தபின் மிஞ்சுகிற கெட்டியான உருண்டை. நம் சூரியனைவிடக் கனம் அதிகம், ஆனால் பங்காருபேட்டையிலிருந்து எங்கள் கே.ஜி.எஃப். வரைக்கும் மூடும், அவ்வளவுதான் அகலம். பக்கத்தில் துணையாகச் சுற்றும் இன்னொரு நட்சத்திரத்திலிருந்து இதன்மேல் பொருள் கொட்டிக்கொண்டே இருந்தது. கொட்டக் கொட்ட மேலோடு கொதித்தது. பிறகு ஒரு நாள் கொட்டுவது நின்றது. அன்றிலிருந்து ஆறத் தொடங்கியது. வடித்த சோற்றுப் பானை ஆறும் வேகத்தை வைத்தே உள்ளே எவ்வளவு சோறு இருக்கிறது, பானை எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம் இல்லையா? அதே வேலைதான். யாரும் போக முடியாத, பார்க்க முடியாத ஓர் உட்புறத்தை, அது ஆறும் வேகத்தை வைத்துச் சொல்வது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அஞ்சு வருஷம் இந்த ஒரு நட்சத்திரத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

மேலோட்டை அடுக்கடுக்காகப் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். உலகத்தில் மற்றவர்கள் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக எண்ணுவார்கள். நான் மேலிருந்து கீழே எண்ணினேன். முதல் லெவல், இரண்டாவது லெவல் என்று. ஒரு கருத்தரங்கில் யாரோ காரணம் கேட்டார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

என் கணக்கு, இந்த நட்சத்திரம் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது என்றது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பேராசிரியரும் அவருடைய குழுவும், ஆறி முடிந்துவிட்டது, இனி ஒரே சூட்டில் நிற்கும் என்றார்கள். விண்வெளியில் சுற்றும் ஒரு தொலைநோக்கி அதை மறுபடி பார்க்கப் போகிறது என்று தேதி குறித்தாகிவிட்டது. பார்க்கப் போகிறவர்கள் எங்கள் இரண்டு கட்சியிலும் சேராதவர்கள். கிடைக்கிற எண்ணை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். எண் வரும் முன்பே நான் என் எண்ணை அச்சில் போட்டுவிட்டேன். இத்தனாவது மாதம் இவ்வளவு சூடு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

அந்த ஒரு எண்ணை நம்பித்தான் என் பிழைப்பு நின்றது. எனக்கு நாற்பத்தொரு வயது, வேலை ஒப்பந்தத்தில். மூன்று முறை நீட்டித்தாகிவிட்டது, நான்காவது முறை கிடையாது. நிரந்தரப் பதவி ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. நேர்காணலுக்கு முன்னால் எண் வந்துவிடும். எங்கள் துறைத் தலைவர் ஒளித்துப் பேசத் தெரியாத மனிதர். நட்சத்திரம் நீங்கள் சொன்னபடி இருந்தால் உங்களுக்குத்தான், இல்லையென்றால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். இல்லையென்றால் நுழைவுத் தேர்வு டியூஷன் சென்டரில் பௌதிகம் நடத்தலாம். அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் நட்சத்திரத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

ரயிலில் எல்லோருக்கும் இது தெரியும். நான்தான் ஓட்டை வாயாச்சே. காலையில் ஏறியதும் குட்மார்னிங்குக்குப் பதில் நர்ஸ் அக்கா, "இன்னா, ஆறிடுச்சா?" என்பார். கார்மென்ட்ஸில் வேலை பார்க்கும் பெண்கள் அடுத்த வரிசையிலிருந்து, "இல்லக்கா, இன்னும் ஆறிக்கினே கீது" என்று எனக்காகப் பதில் சொல்வார்கள். பங்காருபேட்டையில் ஏறுகிற கன்னடத்து டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் மாணவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார் போல, அவர்களுடைய வகுப்பிலும் தேதியை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அதற்கும் ஒரு படி மேலே போனார். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவது வழக்கம். காய்ச்சல், கல்யாணம், விசா, பரீட்சை என்று வரும். போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒரு ஞாயிறு அவர் சீட்டைப் பிரித்து, ஒரு நொடி தயங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். ஒரு சகோதரியின் நட்சத்திரம், அவர் கணித்த அளவுக்குக் குளிரும்படி. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. சபை ஒன்றும் யோசிக்காமல் ஆமென் சொல்லிவிட்டது. அப்பா நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையெழுத்து யாருடையது என்று நான் கேட்கவே தேவையில்லை.

தொலைநோக்கி பார்ப்பதற்குப் பதினோரு நாள் இருந்தது. காலை ரயில். பங்காருபேட்டை தாண்டியதும் கூட்டம் ஏறி, மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு சும்மா ஒரு சோதனை போட்டுப் பார்த்தேன். நட்சத்திரத்தின் மையத்தின் சூட்டைப் பாதியாகக் குறைத்தால் சூடு குறைவதை வரைந்து காட்டும் என் கோடு எவ்வளவு மாறுகிறது? சாதாரணக் கேள்வி. நேர்காணலில் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்றுதான்.

கோடு மாறவே இல்லை.

இன்னும் பாதியாக்கினேன். அப்போதும் இம்மி அசையவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. கணக்குப் போடும் கணினி நிரலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். மாலூர் தாண்டியது. ஒயிட்ஃபீல்டு தாண்டியது. கன்டோன்மென்ட்டில் நான் இறங்க வேண்டும், இறங்கவில்லை. கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிப் போனபின் காலிப் பெட்டியில் உட்கார்ந்து அந்த வரியைக் கண்டுபிடித்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, இதே ரயிலில் நான் எழுதிய வரி. கீழ் லெவல் மேல் லெவலைவிடக் குளிர்ந்திருந்தால் அது கணினியின் பிழை, இரண்டையும் சமமாக்கிவிடு என்று அது சொன்னது. அதற்கு மேலே எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு, ஆங்கில எழுத்தில், தமிழில்: கீழே போனால் சூடு.

அப்போது நான் கணக்குப் போட்டது தனியாக இருக்கும் வேறு வகை நட்சத்திரங்களுக்கு. அவற்றுக்கு அந்த வரி சரி, ஒரு தொந்தரவும் தராது. அப்புறம் அதே நிரலை இந்த நட்சத்திரத்துக்குக் கொண்டுவந்தேன். இங்கே பொருள் கொட்டியது மேலிருந்து. சூடேறியது மேலோடு. மையம் அதைவிடக் குளிர்ச்சி. அப்படியென்றால் சூடு மேலே மட்டும் வெளியேறாது, கீழேயும் இறங்கும். நான் அந்தக் கீழ்வழியை அடைத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கணினி சரியான விடையைச் சொல்ல வாயெடுக்க, என் வரி அதன் வாயைப் பொத்தியிருக்கிறது. அஞ்சு வருஷமாக!

இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார். கீழே குளிர்ந்தால் அது பிழை என்று எழுத, ஒருவர் எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டும். காலிப் பெட்டியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். துடைப்பத்தோடு ஏறிய தூய்மைப் பணியாளர் அம்மா, இறங்கும்மா, பெட்டி ஷெட்டுக்குப் போகுது என்று விரட்டும் வரை சிரித்தேன்.

அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு அலுவலகத்தில் ஓட்டிப் பார்த்தேன். புதுக் கோடு பழையதைவிட வேகமாக இறங்கியது, இன்னும் கீழே போனது. இத்தோடு நின்றிருந்தால் வெறும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் பாருங்கள், முந்தைய வருஷங்களில் எடுத்த அளவுகளில் இரண்டு புள்ளிகள் என் பழைய கோட்டில் உட்காராமல் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு என்னென்னவோ சாக்குச் சொல்லி வைத்திருந்தேன். கருவியின் கோளாறு, தூசு, அது இது. புதுக் கோடு அந்த இரண்டையும் தொட்டுக்கொண்டு போனது. அய்யோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! நாற்காலியைத் தள்ளிவிட்டு அறைக்குள் சுற்றி வந்தேன். என் வேலைக்கே உலை வைக்கிற ஒரு படத்தைப் பார்த்து இப்படிக் குதிக்கிறோமே என்றும் தோன்றியது. நான் அச்சில் போட்ட எண் தப்பு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் தொட்டித் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"இது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்போ வாயத் தொறக்காத. பர்மனென்ட் ஆவட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எண் வந்தபின் சொன்னால் அது மழுப்பல். வருவதற்கு முன் சொன்னால்தான் அது கணிப்பு. இதை அவருக்கு விளக்கினேன். அவர் மறுபடி பர்மனென்ட் என்றார். சுரங்கத்தை மூடியபோது ஒரே நாளில் வேலை போன மனிதர். அந்த வார்த்தையை அவர் வேறு யாரும் சொல்லாத மாதிரி சொல்வார். அதெல்லாம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்று புரியவில்லை.

"கேஜ் லெவலைத் தாண்டி நின்னுடுச்சின்னா நீங்க இன்னாப்பா பண்ணுவீங்க? யாரும் பாக்கலன்னு சும்மா குந்திக்கினு இருப்பீங்களா?" என்றேன்.

சும்மா இருக்க முடியாது. டிரைவர் தன் கையாலேயே நோட்டில் எழுத வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்னால், ஷிப்ட் முடிவதற்கு முன்னால். அது அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். "அது வேற" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தொட்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. ஆனாலும் விடியற்காலையில் வண்டியில் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். ஹெல்மெட்டுக்குள்ளே அவர் பெருமூச்சு விடுவது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. நான் பேசுவேனா? மாட்டேன். அந்த முறுக்கு அவரிடமிருந்து வந்ததுதானே.

மூன்றாம் நாள் காலை, ரயிலில் வைத்தே திருத்தத்தை வெளியிட்டேன். என் முந்தைய கணிப்பில் பிழை இருக்கிறது, காரணம் இன்ன வரி, புதிய எண் இது. அந்தக் குறிப்பைக்கூட மொழிபெயர்த்துப் போட்டுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் கை அந்தரத்தில் நின்றது. நர்ஸ் அக்கா ஊசி போடப் போகிறவரைப் போல என் மணிக்கட்டைப் பிடித்து, "கண்ண மூடிக்கோ, ஒரு நிமிஷம்தான்" என்றார். அழுத்திவிட்டேன்.

மாலைக்குள் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். எண் வருவதற்கு முன் கணிப்பு இன்னும் எத்தனை முறை நகரும் என்று அறிய ஆவலாக இருப்பதாகப் பேராசிரியர் எழுதியிருந்தார். படித்துவிட்டுப் பல்லைக் கடித்தேன். துறைத் தலைவர் நெற்றியைத் தேய்த்தார். இப்போது நீங்கள் பழைய எண்ணிலும் இல்லை, எல்லோரும் நம்பும் பேராசிரியரின் எண்ணிலும் இல்லை, நடுத்தெருவில் நிற்கிறீர்கள் என்றார். உண்மைதான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் புதுக் கோடு இறங்கிக்கொண்டே போகிறது. பயமும் இருந்தது, குறுகுறுப்பும் இருந்தது, எது எதுவென்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போதகர் சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை ஒன்று, பெங்களூரில் வீடு தேடுகிறவர்கள் இரண்டு பேர். பிறகு ஒரு சீட்டைப் பிரித்து நிறுத்தினார். இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"முன்பு கேட்ட நட்சத்திரம், முன்பு கேட்டதைவிட அதிகமாகக் குளிரும்படி."

சபையில் எல்லோரும் சிரித்தார்கள், பாடகர் குழுவில் ஒரு பெண் இருமுவது போல நடித்தாள். பிறகு எல்லோரும் சேர்ந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே, ஆமென் சொன்னார்கள். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது எனக்கு. வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். நட்சத்திரத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சமாதானம் ஆகிவிட்டது.

எண் வந்தது ஒரு சாயங்கால ரயிலில். மாலூரைத் தாண்டியதும் போன் துடித்தது. கடிதம் ஒரே ஒரு வரி, கூடவே ஒரு படம். படம் திறக்கவில்லை. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நின்றுவிடுகிறது. எங்கள் வழித்தடத்தில் அந்த இடத்தில் சிக்னல் எப்போதும் மக்கர்தான். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். கீழே போட்டுத் தொலைக்காதே என்று நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் பழைய கோடு, புதுக் கோடு, பேராசிரியரின் கோடு மூன்றும் வரைந்த தாளை நர்ஸ் அக்கா தன் மருத்துவமனைப் பைல் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். கார்மென்ட்ஸ் பெண்கள் இருக்கைமேல் ஏறி நின்றார்கள். கன்னடத்து டீச்சர் ரயிலின் ஓட்டத்துக்கு ஏற்ப, பந்து, பந்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கன்னடத்தில் வந்துவிட்டது, வந்துவிட்டது என்று அர்த்தம்.

பங்காருபேட்டைக்கு வெளியே சிக்னலுக்காக ரயில் நின்றது. வட்டம் ஒரு தரம் சுற்றி, படம் திறந்தது.

எண்ணைச் சத்தமாகப் படித்தேன். அக்கா பேனாவை வைத்து அளந்து தாளில் ஒரு புள்ளி வைத்தார். அவர் கை நடுங்கவில்லை, எத்தனை பேருக்கு டெம்பரேச்சர் சார்ட் போட்ட கை. அளவில் இருக்கக்கூடிய கூடுதல் குறைவையும் மேலும் கீழும் சின்னக் கோடாகப் போடச் சொன்னேன். போட்டார்.

பேராசிரியரின் கோடு அதற்கு எட்டாத உயரத்தில் இருந்தது. என் பழைய கோடும் மேலேதான், நன்றாகவே தப்பியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இரண்டு பேரும் தோற்றிருப்போம். புள்ளி புதுக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது, அங்கேயே பிறந்த மாதிரி.

நான் கத்தியது என்ன வார்த்தை என்று எனக்கு நினைவில்லை. பெட்டி முழுக்கக் கத்தியது. எதற்கென்று தெரியாத பக்கத்துப் பெட்டி ஆண்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாத ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து வாயில் ஒரு முறுக்கைத் திணித்தார். பிறகு நேர்காணலில் முதல் கேள்வியே அந்தத் தப்பு வரியைப் பற்றித்தான் வந்தது, எங்கள் ஊரைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன், நிரந்தரப் பதவி கிடைத்தது. ஆனால் அதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்ததுதான்.

முதல் மணியிலேயே எடுத்தார். போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"எங்க நிக்குது?" என்றார்.

"புதுக் கோட்டு மேலயே நிக்குதுப்பா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு எதன்மேலோ, மேசையோ கதவோ, விரல் மடக்கித் தட்டும் சத்தம். மூன்று. கொஞ்சம் விட்டு, இன்னும் ஒன்று.

ஆள் ஏறியாச்சு. மேலே தூக்கு.

திருப்பி அடிக்காமல் கேஜ் நகரக்கூடாது, அவர் அங்கே காத்துக்கொண்டிருப்பார். போனை ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, நர்ஸ் அக்காவின் பேனாவை வாங்கித் தட்டினேன். மூன்று. கொஞ்சம் விட்டு, ஒன்று.